கறுப்பு கார், வெயில் பட்டா வட்ட வட்டமா கோடு: காம்பவுண்டா, பாலிஷா, கிளீனர் வாக்ஸா?

மேடவாக்கம்_கறுப்பன்:
எல்லாருக்கும் வணக்கம். 2017 மாடல் கறுப்பு செடான், போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். நிழல்ல நின்னா கண்ணாடி மாதிரி இருக்கு. காலைல பத்து மணி வெயில்ல பானெட்டப் பாத்தா, கம்பி நார் போட்டுத் தேச்ச எவர்சில்வர் தட்டுதான்.

ரெண்டு மாசம் முன்னாடி பக்கத்துல ஒரு வாஷ் கடையில 2,800 ரூபா குடுத்து 'டெஃப்லான்' போட்டேன். ரெண்டு வாரம் ஜொலிச்சுது. மூணாவது வாஷ்ல கோடு பூராவும் திரும்ப வந்து உக்காந்துக்கிச்சு. இப்ப நானே பண்ணிடலாம்னு கடைக்குப் போனா கிளீனர் வாக்ஸ், ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், ஸ்க்ராட்ச் ரிமூவர்னு ஒரு வரிசையே இருக்கு. எந்த டப்பா? மெஷின் கிடையாது. பட்ஜெட் 5,000.

சீனிமிட்டாய்:
ப்ரோ, பல் தேய்க்கிற பேஸ்ட் போட்டுத் தேச்சுப் பாருங்க. என் பைக் டேங்குக்கு நல்லா வேலை செஞ்சுது.

ஆவாரம்பாளையம்_பட்டறை:
பேஸ்ட்டை பல்லுக்கே வெச்சுக்கோங்க கண்ணு.

மேடவாக்கம் தம்பி, டப்பா வாங்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. தெனமும் வண்டிய யாரு தொடைக்கறாங்க? எதை வெச்சு? இருபத்திரண்டு வருசமா டிங்கரிங், பெயிண்டிங் பண்ணிட்டிருக்கறனுங்க. இந்த மாதிரிக் கோட்டோட வர்ற வண்டில முக்காவாசி, காலங்காத்தால காஞ்ச தூசி மேல துணிய இழுத்ததுதான்.

அப்பறம், அது வட்டமே இல்லீங்க. நாலா பக்கமும் இழுத்த நேர்க்கோடு. அதுல வெளிச்சத்துக்குக் குறுக்கால இருக்கறது மட்டும் மின்னறதால, சூரியனைச் சுத்தி வளையமாத் தெரியுது. செல்போன் டார்ச்ச பானெட் மேல நகத்திப் பாருங்க, வளையமும் கூடவே நகரும்.

டெஃப்லான் சமாச்சாரம்: கோட்டை எடுக்கல, எண்ணெயும் மெழுகும் போட்டு ரொப்பிட்டாங்க. ஷாம்பூ போட்டுக் கழுவுனதும் ரொப்புனது போயிருச்சு, கோடு எங்கயும் போகல. அதனால எதைப் போட்டாலும், மெடிக்கல்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, சரிக்குச் சரி தண்ணி கலந்து தொடைச்சிட்டு அப்பறம் டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்பத் தெரியறதுதான் நெசம்.

இனி டப்பாவுக்கு வரலாம். கிளீனர் வாக்ஸ்ங்கறது மங்கலையும் படிஞ்ச அழுக்கையும் எடுக்கும், மேல மெழுகு பூசும். கோட்டுக்கு ஆகாது. காம்பவுண்ட் அறுக்கறது, பாலிஷ் அதைவிட மைய அறுக்கறது. வாக்ஸ், சீலண்ட் ரெண்டும் அறுக்காது, மூடி வெக்கும். பட்டறைல நாங்க டப்பாவுல வாங்கற ரப்பிங் காம்பவுண்ட் இருக்கு பாருங்க, அது 2000 நம்பர் வாட்டர் பேப்பர், அதாங்க தண்ணி விட்டுத் தேய்க்கற உப்புத்தாள், அதைப் போட்டதுக்கு அப்பறம் ஓட்டறது. அதை எடுத்து கறுப்பு வண்டில கையால தேச்சீங்கன்னா புகை பிடிச்ச மாதிரி மங்கிரும், அப்பறம் எங்கிட்டத்தான் வரோணும்.

கலர் பெயிண்டுக்கு மேல இருக்கற கண்ணாடி மாதிரி பூச்சு, கிளியர் கோட், சுமார் 40, 50 மைக்ரான்தான். நியூஸ் பேப்பர் தாளைவிட மெல்லிசு. ஒவ்வொருக்கா பாலிஷ் போடறப்பவும் அதுல கொஞ்சம் போகுது. நகத்துல இழுத்தா தட்டுப்படற கோட்டை விட்டுருங்க. அதை எடுக்கப்போனா பெயிண்ட்டே போயிரும்.

மேடவாக்கம்_கறுப்பன்:
அண்ணே, நீங்க சொன்னது அப்படியே சரி. மாசம் 500 ரூபாய்க்கு ஒருத்தர் துடைக்கிறார். இன்னிக்குக் காலைல இறங்கிப் போய் நின்னு பாத்தேன். ஒரே பக்கெட், ஒரே பழைய பனியன் துணி, பதினோரு வண்டி. எங்க வண்டி ஒன்பதாவது.

ஆல்கஹால் போட்டும் பாத்தேன். நான் நினைச்சதைவிட மோசம். மெஷின் வாடகைக்கு எடுக்கலாமா?

தாம்பரம்_வீக்எண்ட்:
எடுக்கறதுன்னா டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷ் மெஷின் எடுங்க. ஒரே அச்சுல சுத்தற ரோட்டரி வேண்டவே வேண்டாம். நான் நண்பர்கிட்ட ரோட்டரி வாங்கி, கம்பளி பேட் போட்டு, பானெட்டோட மடிப்புல ஒரு நிமிஷம் அசந்தேன். சுட்டு, கிளியர் கோட் போய் வெள்ளையா ஒரு கோடு. பானெட் முழுக்க மறுபடி பெயிண்ட். டிஏ சுத்தும்போதே ஆடிக்கிட்டும் இருக்கும், சூடு ஒரே இடத்துல நிக்காது. ஆனாலும் மடிப்புலயும் ஓரத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க.

நான் இப்ப வெச்சிருக்கறது மெகயர்ஸ் அல்டிமேட் பாலிஷ். அதுல போகாத இடத்துக்கு மட்டும் அதே கம்பெனி அல்டிமேட் காம்பவுண்ட்.

ஆவாரம்பாளையம்_பட்டறை:
சரியாச் சொன்னீங்க. மொதல்ல மைய இருக்கறதுதான் போடோணும், பத்தலீன்னா அப்பறம் காரமா அறுக்கற காம்பவுண்ட். வண்டியக் கழுவி, களிமண் கட்டி, அதாங்க கிளே பார், அதை ஷாம்பூத் தண்ணி தெளிச்சு ஓட்டுங்க. கை வெச்சா வழவழன்னு இருக்கோணும். கட்டி கீழ விழுந்தா தூக்கிப் போட்டுருங்க, மண்ணு ஒட்டியிருக்கும். போர் தண்ணிப் புள்ளி இருந்தா வினிகர்ல தண்ணி கலந்து தொடைச்சுக் கழுவிருங்க. நிழல்ல, பானெட் சூடு ஆறுனதும், ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி மட்டும் டேப் ஒட்டி ஒரு இடத்துல சோதனை. அங்க சரியா வந்தா மத்த எடத்துக்கும் அதேதான். மெஷினை அமுக்காதீங்க, மெதுவா நகத்துங்க. ஒவ்வொரு பேனலுக்கும் பேடைச் சுத்தம் பண்ணுங்க.

கையால போட்டாலும் கொஞ்சம் குறையும், முழுசாப் போகாது.

மேடவாக்கம்_கறுப்பன்:
ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. டிஏ வாடகைக்கு எடுத்து, பாலிஷ் மட்டும்தான் போட்டேன். டிரைவர் பக்கக் கதவுல மட்டும் காம்பவுண்ட் தேவைப்பட்டுச்சு. ஆல்கஹால் துடைச்சு டார்ச் அடிச்சேன். பானெட்ல அங்கங்க ஆழமா நாலஞ்சு இருக்கு, அண்ணன் சொன்னபடி தொடல. மத்ததுல டார்ச் பல்பு மட்டும்தான் தெரியுது.

துடைக்கிறவருக்கு நாலு மைக்ரோஃபைபர் டவல் வாங்கிக் குடுத்து, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி ஊத்திக் கழுவினாப் போதும், தினமும் தொடவேண்டாம்னு சொன்னேன். சம்பளம் அதேதான்னதும் சந்தோஷமாத் தலையாட்டினார். இன்னிக்குக் காலைல பால்கனிலேர்ந்து பாக்கறேன், அதுல ஒரு டவலால ஏழாவது வண்டியோட டயரைத் துடைச்சிட்டிருக்கார்.