ரியூனியனில் பிரிட்டிஷ் கான்சல் இருந்து என்ன பயன்?

கொள்ளிடக்கரை:
1861 ஜூலை 1-இல் இந்தியக் கூலியாட்களைப் பிரெஞ்சுக் காலனிகளுக்கு அனுப்ப பிரிட்டனும் பிரான்சும் போட்ட ஒப்பந்தத்தைப் படித்தேன். புதுச்சேரி, காரைக்கால் வழியாக இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனின் கரும்புத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு வாரம் 6 நாள், தினம் ஒன்பதரை மணி நேரம்தான் வேலை, 5 வருடம் முடிந்தால் பிரெஞ்சு அரசு செலவில் ஊர் திரும்பலாம், குறை இருந்தால் அங்கே இருக்கும் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான கான்சலிடம் போகலாம். காகிதத்தில் எல்லாம் ஜோர். பிறகு 1882-இல் ஆள் அனுப்புவதையே ஏன் நிறுத்தினார்கள்? கான்சல் தூங்கிக்கொண்டா இருந்தார்?

பழைய ஏடு:
தூங்கவில்லை, கையைக் கட்டிவிட்டார்கள். கான்சலைப் பார்ப்பதைத் தடுக்கக் கூடாது என்கிற அதே விதியில், வேலை ஒப்பந்தக் கடமைகளுக்குப் பாதகம் வராமல் என்று ஒரு வால் ஒட்டியிருக்கும் பாருங்கள், எல்லா வில்லங்கமும் அங்கேதான். கான்சல் இருந்தது தீவின் வடக்கே செயின்ட் டெனிஸில். தெற்கே செயின்ட் பியர் தோட்டத்தில் இருப்பவன் புகார் சொல்லக் கிளம்பினால் முதலாளியிடம் அனுமதி வாங்க வேண்டும், புகாரோ அந்த முதலாளி மேலேயே! கேட்காமல் போனால் ஓடிப்போனவன். கான்சல் தலையிட்டால், கூலிகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் அதிகாரிகள் இருக்கிறார்கள் என்பது காலனி நிர்வாகத்தின் பதில்.

உப்பங்கழி:
பிரிட்டிஷ்காரர்களை ரொம்ப நல்லவர்களாக்க வேண்டாம். பக்கத்துத் தீவு மொரிஷியஸ் அவர்கள் கையில்தானே இருந்தது? அங்கே 1867 சட்டத்துக்குப் பிறகு பாஸ் (அனுமதிச் சீட்டு) இல்லாத இந்தியர்களை நாடோடி என்று பிடித்து உள்ளே தள்ளினார்கள், கடைசியில் 1872-இல் விசாரிக்க ராயல் கமிஷனே போட வேண்டி வந்தது.

கொள்ளிடக்கரை:
சரி, பிரிட்டனுக்கு மனசில்லை என்றே வைத்துக்கொள்வோம். பிரான்ஸ் மீறுகிறது என்று தெரிந்ததும் ஒப்பந்தத்தை ரத்து செய்திருக்கலாமே?

பழைய ஏடு:
ரத்து என்றால் ஜூலை மாதத்தில்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும், அதற்கப்புறம் 18 மாதம் ஓடும். ஆனால் பாதுகாப்பு சரியில்லை என்று தோன்றினால் எந்த ஒரு பிரெஞ்சுக் காலனிக்கும் ஆள் போவதை நிறுத்திவைக்க இந்திய கவர்னர் ஜெனரலுக்குத் தனி அதிகாரம் உண்டு. பிரெஞ்சு கயானாவுக்கு 1876-இலேயே நிறுத்திவிட்டார்கள். ரியூனியன் விஷயம்தான் இழுத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் பிடிப்பதை விடுங்கள், இந்தியாவிலிருந்து தருகிறோம் என்று பிரான்சோடு பேசி முடித்த பேரம் அது, லண்டனுக்கு அதைக் கெடுத்துக்கொள்ளத் தயக்கம். 1877-இல் கோல்ட்ஸ்மிட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியும் மியோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் சேர்ந்து தீவுக்கே போய் விசாரித்தார்கள், அதற்குப் பிறகும் 5 வருடம் ஆனது. அப்போதும் நின்றது புதிதாகப் போவது மட்டும். ஏற்கனவே அங்கே இருந்தவர்கள் அதே முதலாளிகளிடம்தான்.