மூன்றாவது லிட்டர்

வெள்ளி, மாலை 6:10

நான்: மாமா, என் சின்ன விமானம் மறுபடியும் மக்கர் செய்கிறது. இன்ஜின் உடனே கிளம்புகிறது, ஐடிலில் அழகாக ஓடுகிறது. தரையில் கட்டிவைத்து முழு த்ராட்டில் கொடுத்தால் ஒரு நிமிடம் நன்றாக இழுக்கிறது, அப்புறம் மூச்சு வாங்குகிறது. பெட்ரோல் அழுத்தம் 0.3 பாரில் தொடங்கி 0.12க்கு இறங்கிவிடுகிறது.

மாமா: உன்னுடையது ரோட்டாக்ஸ் 912 இன்ஜின், 100 குதிரைத்திறன்தானே? 0.15க்குக் கீழே போகவே கூடாது. பறக்கவில்லையே?

நான்: இல்லை மாமா. சக்கரம் தரையை விட்டு எழும்பவில்லை.

அத்தை: எங்களுக்கு அது போதும்.

அக்கா: கார்புரேட்டர் அடைத்திருக்கும். என் பழைய ஸ்கூட்டர் இப்படித்தான் பாதி வழியில் நிற்கும்.

மாமா: ஸ்கூட்டருக்கு ஒன்று, இதற்கு இரண்டு. ஒன்று அடைத்தால் அதைச் சேர்ந்த இரண்டு சிலிண்டர் மட்டும் தடுமாறும், இன்ஜின் கிடுகிடுவென்று உதறும். உதறியதா?

நான்: இல்லை. உதறாமல் அப்படியே வலு குறைந்துகொண்டு போனது.

மாமா: அப்படியானால் இரண்டும் சேர்ந்தே பட்டினி கிடக்கின்றன. கார்புரேட்டரைத் தொடாதே. அதற்கு முன்னால் எங்கேயோ அடைப்பு.

அத்தான்: டாங்க் வென்ட் குழாயைப் பார்த்தாயா? குளவி கூடு கட்டியிருந்தால் காற்று உள்ளே போகாது, பெட்ரோலும் வெளியே வராது.

நான்: முதலில் பார்த்ததே அதைத்தான் அத்தான். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டினாலும் அதே கதை. ஃபில்டரைக் கழற்றினேன், டாங்க் வாயில் இருக்கும் சல்லடையைக்கூடக் கழற்றினேன். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது.

மாமா: அதுதான் எனக்கு இடிக்கிறது. சரி, அளந்து பார். முழு வலுவில் இன்ஜின் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்த அமைப்பு அதற்கு மேல் கால் பங்காவது கூடுதலாகத் தர வேண்டும், ஏறக்குறைய 34. அதாவது ஒரு லிட்டர் 1 நிமிடம் 46 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். மூக்கு மேலே நிற்கும்படி வாலை இறக்கி வை. கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி, மின் பம்பைப் போட்டு மூன்று லிட்டர் பிடி. நடுவில் நிறுத்தாதே. ஒவ்வொரு லிட்டருக்கும் தனித்தனியாக நேரம் குறி. ஒரு லிட்டர் பிடித்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள்தான் அதிகம்.

சனி, காலை 8:05

நான்: எல்லாம் தயார். (படம்)

மாமா: அந்தப் பிளாஸ்டிக் வாளியை முதலில் அப்பால் போடு! உலோகக் கேன் வை. கேனையும் விமானத்தையும் கம்பியால் இணைத்து, தரையோடும் இணை. பெட்ரோல் விழ விழ மின்னேற்றம் சேரும், ஒரு பொறி போதும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். போனை உள்ளே வைத்துவிட்டுப் போ.

அத்தை: போன் இல்லாவிட்டால் என்ன ஆயிற்று என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

காலை 9:20

நான்: முதல் லிட்டர் 1:28. இரண்டாவது 1:51. மூன்றாவது 2:40!

மாமா: 2:40 என்றால் மணிக்கு 22.5 லிட்டர்தான். இன்ஜினுக்கு எப்படிப் போதும்?

நான்: இன்னொன்று மாமா. பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பிடித்தேன். முதல் லிட்டர் திரும்பவும் 1:30.

மாமா: ஆள் அகப்பட்டான். பம்ப் உறிஞ்சும்போது ஏதோ ஒன்று வந்து வாயை மூடுகிறது. நிறுத்தினால் விழுந்துவிடுகிறது. நீ கழற்றிப் பார்க்கும் நேரத்தில் அது அங்கே இருப்பதில்லை. ஹோஸின் உள்சுவர் உரிந்து மடிந்தாலும் இப்படி ஆகும்.

நான்: ஹோஸ் எல்லாம் போன மாதம்தான் மாற்றினேன்.

மாமா: கண்ணாடி இழை டாங்க்தானே? உள்ளே பூச்சு ஏதாவது ஊற்றினாயா?

நான்: கசியக் கூடாது என்று ஊற்றிச் சுழற்றினேன்.

மாமா: எத்தனால் கலந்த பெட்ரோலா போடுகிறாய்?

நான்: ஆமாம்…

மாமா: சல்லடையைக் கழற்றி, டாங்கில் இருப்பது மொத்தத்தையும் வெள்ளைத் துணியில் வடிகட்டு.

பிற்பகல் 1:15

நான்: பாம்புச் சட்டை மாதிரி ஒன்று வந்திருக்கிறது மாமா. உள்ளங்கை அகலம், லேசான பழுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. சல்லடைமேல் சுற்றிப் பார்த்தேன், விரலுக்கு உறை போட்டது போலப் பொருந்துகிறது. கம்பி வலையின் கட்டங்கள்கூட அதில் பதிந்திருக்கின்றன.

அத்தான்: துளையைவிடப் பெரியது, அதனால்தான் ஃபில்டர் வரை வரவே இல்லை.

அக்கா: எடுத்தாயிற்று அல்லவா, இனி ஓட்டலாமா?

மாமா: அது நீ ஊற்றிய பூச்சுதான், எத்தனால் அதை உரித்திருக்கிறது. ஓர் இடத்தில் உரிந்தால் மற்ற இடமும் உரியும். பூச்சு முழுவதையும் எடுக்க வேண்டும், முடியாவிட்டால் புது டாங்க். இதன் மேலேயே இன்னொரு பூச்சு ஊற்றலாம் என்று மட்டும் நினைக்காதே. முடித்ததும் மறுபடி மூன்று லிட்டர் பிடித்துக் காட்டு.

நான்: சரி மாமா. திங்கட்கிழமை வலது டாங்கை இறக்கிவிடுகிறேன்.

மாமா: இடது டாங்குக்கு எப்போது பூசினாய்?

நான்: அதே நாள். அதே டப்பா.