பூனைக்கு நாய் டோஸ் எடுத்துக் கொடுக்கும் ஏஐ: எங்கே சரிசெய்வது?

வெட்டெஸ்க்:
கால்நடை கிளினிக் மென்பொருளில் மருந்துச் சீட்டின் வரைவு போட ஒரு ஏஐ மாடலை இணைத்திருக்கிறோம். டாக்டரின் நோய்க்குறிப்பைப் படிக்கும், மருந்தளவுக் கையேட்டின் பிடிஎஃப்பில் தேடும், மருந்து, டோஸ், மி.லி. எல்லாம் நிரப்பித் தரும். டாக்டர் ஒப்புதல் கொடுத்தால்தான் அச்சாகும்.

சிக்கல் இதுதான். 4.2 கிலோ பூனை, மூட்டுத் தேய்மானம், நாள்பட்ட வலி, மெலாக்சிகாம் என்ற வலி மருந்து வாய்வழி. வரவேண்டியது: கிலோவுக்கு 0.05 மி.கி., மொத்தம் 0.21 மி.கி.; 0.5 மி.கி./மி.லி. சஸ்பென்ஷனில் 0.42 மி.லி. வந்தது: கிலோவுக்கு 0.1 மி.கி., 1.5 மி.கி./மி.லி. சஸ்பென்ஷனில் 0.28 மி.லி., தினம் ஒருமுறை.

"பூனைக்கு நாயின் அளவைத் தராதே" என்று பிராம்ப்டிலேயே (மாடலுக்குத் தரும் கட்டளை உரை) எழுதியிருக்கிறோம். டெம்பரேச்சர் (பதில் எவ்வளவு மாறலாம் என்ற அமைப்பு) 0. ஆனாலும் குறிப்பின் வாசகம் சற்று மாறினால் தவறு திரும்ப வருகிறது. இதைவிடப் பெரிய மாடலுக்கு மாறினால் தீருமா?

நிரல்மேடை:
மாடலைக் குறை சொல்வதற்கு முன், அதன் கையில் என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள். இந்தக் கேஸுக்குத் தேடல் எடுத்துக் கொடுத்த பகுதியை அப்படியே இங்கே போடுங்கள். பிடிஎஃப்பை எப்படித் துண்டு போட்டிருக்கிறீர்கள்?

வெட்டெஸ்க்:
500 சொல்லுக்கு ஒரு துண்டு. எடுத்துக் கொடுத்தது இது: "வாய்வழி: முதல் நாள் 0.2 மி.கி./கிலோ, பிறகு 0.1 மி.கி./கிலோ, 24 மணிக்கு ஒருமுறை. சஸ்பென்ஷன் 1.5 மி.கி./மி.லி." மேலே மருந்தின் பெயர் இருக்கிறது. "நாய்" என்ற தலைப்பு முந்தைய துண்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நிரல்மேடை:
அப்புறம் என்ன, ஓட்டை அங்கேதான். மாடலுக்கு வந்த உரையில் எந்த விலங்கு என்பதே இல்லை. கேஸ் பூனை, கையில் இருக்கும் ஒரே எண் 0.1, இரண்டையும் சேர்த்து நிரப்பிவிட்டது. பிராம்ப்டில் எத்தனை தடவை "தராதே" என்றாலும், எது நாயின் அளவு என்று அதற்குத் தெரிய வழியில்லை. டெம்பரேச்சர் 0 என்பதும் பதிலை ஒரே மாதிரி வரவைக்குமே தவிர, சரியாக வரவைக்காது. பெரிய மாடலும் இதே துண்டைத்தான் படிக்கும். இன்னும் நம்பும்படி எழுதும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: பிடிஎஃப் தேடலைத் தூக்கிவிட்டு, கையேட்டை அட்டவணையாக மாற்றுங்கள். ஒரு வரிசைக்கு ஒரே பொருள்: மருந்து, விலங்கு, எந்த நோய்க்கு, செலுத்தும் வழி, குறைந்த அளவு, உச்ச அளவு, அலகு, இடைவெளி, அதிகபட்ச நாள். விலங்கை வெக்டர் தேடலிடம் (பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடுவது) விடாதீர்கள். "நாய்", "பூனை" இரண்டும் அதற்கு மிக நெருங்கிய சொற்கள். நோயாளிப் பதிவில் உள்ள விலங்கை வைத்து நேரடி வடிகட்டி போடுங்கள். பூனைக்கு வரிசை இல்லையென்றால் பதில் காலியாக வர வேண்டும். பக்கத்து விலங்கின் வரிசையைக் காட்டவே கூடாது.

கணக்கையும் மாடலிடமிருந்து பிடுங்குங்கள். அது வரிசையைத் தேர்வு செய்து எத்தனையாவது வரிசை என்று சொன்னால் போதும். எடை × அளவு ÷ செறிவு என்ற பெருக்கல் வகுத்தலைச் சாதாரண நிரல் செய்யட்டும்.

மருந்துஅளவை:
மேலே சொன்னது சரி, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கேஸில் தவறான விடை 0.28 மி.லி., சரியான விடை 0.42 மி.லி. ஒப்புதல் தரும் டாக்டரின் கண்ணுக்குத் தவறான அளவுதான் "குறைவாக, பாதுகாப்பாக" தெரியும். உண்மையில் அந்த 0.28 மி.லி.யில் இருப்பது 0.42 மி.கி., அதாவது இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, சரியான மி.லி.யும் தவறான மி.கி.யும் ஒரே எண்: 0.42. சரியான 0.42 மி.லி.யை அலமாரியில் இருக்கும் 1.5 மி.கி. பாட்டிலிலிருந்து எடுத்தால் 0.63 மி.கி., மூன்று மடங்கு. பூனைச் சிறுநீரகத்தில் இந்த மருந்து விளையாட இதுவே தாராளம். சில நாடுகளில் பூனைக்குத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

அதனால் ஒப்புதல் திரையில் மி.லி.யை மட்டும் காட்டாதீர்கள். மி.கி./கிலோ, மொத்த மி.கி., பாட்டிலின் செறிவு, மி.லி. நான்கும் ஒரே வரியில் வரட்டும். 0.5 என்பதை ".5" என்று எழுதவிடாதீர்கள், 5 என்பதை "5.0" என்றும் எழுதவிடாதீர்கள். புள்ளி கண்ணில் படாவிட்டால் பத்து மடங்கு.

அட்டவணையில் "நிலை" (தொடக்க அளவா, தொடர் அளவா) என்று ஒரு பத்தியும் சேருங்கள். பூனைக்கே முதல் நாள் 0.1, பிறகு 0.05 என்று சொல்லும் லேபிள் உண்டு. விலங்கு வடிகட்டி போட்ட பிறகும் 0.1 வந்தால், தொடக்க அளவைத் தினசரி அளவாக எடுத்துவிட்டது என்று அர்த்தம். மருந்தின் வேதி வடிவத்துக்கும் இதே கதி: மெட்ரோனிடசோல் பென்சோயேட் 1.6 மி.கி.யில் மெட்ரோனிடசோல் 1 மி.கி.தான். எந்த வடிவத்துக்கான எண் என்று வரிசையில் எழுதாவிட்டால் கணக்கு சரியாக இருந்தும் டோஸ் தப்பும்.

வெட்டெஸ்க்:
புரிகிறது. அட்டவணைக்கு மாற்றுகிறோம். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் தானாகத் தடுக்கும் விதிகளும் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? மாடு, ஆடும் வருகின்றன.

மருந்துஅளவை:
விதி இரண்டு வகை. முதல் வகை அடைப்பு: தாண்டவே முடியாது. பூனைக்குப் பாராசிட்டமால், பூனைக்குப் பெர்மெத்ரின், முயலுக்கும் கினிப்பன்றிக்கும் வாய்வழி அமோக்சிசிலின், குதிரைக்கு மோனென்சின். இரண்டாம் வகை, காரணம் எழுதினால்தான் நகரும்: பூனைக்கு என்ரோஃப்ளாக்சசின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் (விழித்திரை போய்விடலாம்), ஸ்டீராய்டு ஓடும்போது மெலாக்சிகாம், அதுபோல.

எச்சரிக்கையை மருந்தின் பெயரில் மாட்டாதீர்கள், அளவில் மாட்டுங்கள். ஐவர்மெக்டின் நல்ல உதாரணம். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு எம்டிஆர்1 மரபணு மாற்றம் உண்டு. மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். ஆனால் இதயப்புழுத் தடுப்புக்கு மாதம் ஒருமுறை கொடுப்பது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். அது அந்த நாய்களுக்கும் ஒத்துக்கொள்ளும். அதைவிடப் பல மடங்கான, சொறிக்குக் கொடுக்கும் 300 மைக்ரோகிராம் போன்ற அளவுகளில்தான் ஆபத்து. பெயரைப் பார்த்ததும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒரு வாரத்தில் எல்லோரும் படிக்காமலே "சரி" அழுத்தப் பழகிவிடுவார்கள். கலப்பினம் என்றிருந்தால் இனம் "தெரியாது" என்றே வைத்து, அதிக அளவில் கேள்வி கேளுங்கள்.

மாடு, ஆட்டுக்கு: "உணவுக்கான விலங்கா" என்பதைத் தனிக் களமாக வையுங்கள், விலங்கின் பெயரிலிருந்து ஊகிக்க வேண்டாம். முயலும் குதிரையும் இரண்டு பக்கமும் வரும். பால், இறைச்சிக்கான காத்திருப்புக் காலத்தை (மருந்து கொடுத்தபின் அவற்றை உணவுக்கு எடுக்கக் கூடாத நாட்கள்) மாடல் ஒருபோதும் எழுதக் கூடாது. லேபிளில் இருப்பதை அட்டவணையிலிருந்து நகலெடுக்க வேண்டும். அந்த விலங்கு, அந்த அளவு, அந்த வழி மூன்றும் லேபிளோடு பொருந்தாவிட்டால் களம் காலி, டாக்டர் நிரப்ப வேண்டும். குளோராம்ஃபெனிக்கால் போல உணவு விலங்குகளுக்குப் பல நாடுகளில் தடையுள்ளவை முதல் வகை அடைப்பில் போகட்டும்.

நிரல்மேடை:
குறிப்பில் இல்லாததை மாடல் "நார்மல்" என்று எடுத்துக்கொள்ளும், அதையும் அடைக்க வேண்டும். கிரியேட்டினின் (சிறுநீரகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எழுதவில்லை என்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு களத்துக்கும் மூன்று மதிப்பு: உண்டு, இல்லை, தெரியாது. "தெரியாது" என்றால் வலி மருந்தின் வரைவு நிற்கட்டும்.

எடையைக் குறிப்பின் உரையிலிருந்து எடுக்காதீர்கள், எடை பதிவிலிருந்து தேதியோடு எடுங்கள். குட்டிகளுக்குப் பழைய எடை செல்லாது. பவுண்டா கிலோவா என்பது இயந்திரத்திலேயே பூட்டப்பட்டிருக்க வேண்டும், மாறினால் 2.2 மடங்கு.

சோதனைக்கு: ஒரே குறிப்பை வைத்து விலங்கை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். டோஸ் மாறாமல் வந்தால் வடிகட்டி வேலை செய்யவில்லை. எடையை அழித்து ஓட்டுங்கள், மறுக்க வேண்டும். மாடல் பதிப்பு மாறும்போதெல்லாம் முழுத் தொகுப்பையும் திரும்ப ஓட்டுங்கள். "உறுதியாகத்தானா?" என்று மாடலையே கேட்டுச் சரிபார்க்கும் படி ஏதாவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், சரியான பதிலையும் அது மாற்றிக்கொள்ளும்.

வெட்டெஸ்க்:
விலங்கு வடிகட்டியும் நிலைப் பத்தியும் போட்டு ஓட்டிப் பார்த்தோம். அதே பூனைக்கு 0.05 மி.கி./கிலோ, 0.21 மி.கி., 0.5 மி.கி./மி.லி., 0.42 மி.லி. என்று வருகிறது, குறிப்பை மாற்றி எழுதினாலும் அசையவில்லை. கிரியேட்டினின் இல்லாதபோது நிற்கிறது. ஆனால் ஒரு முயல் கேஸில் மட்டும் இன்னும் பழைய துண்டிலிருந்து வாசகம் வருகிறது.

நிரல்மேடை:
பழைய பிடிஎஃப் துண்டுகள் தேடல் குறியீட்டில் இன்னும் கிடக்கின்றன. அட்டவணையில் முயலுக்கு வரிசை இல்லாததால் மாற்று வழியாக அங்கே போகிறது. அந்த மாற்று வழியை நிரலில் வெட்டிவிட்டு, குறியீட்டை முழுக்க அழித்துப் புதிதாகக் கட்டுங்கள்.