அயர்லாந்துப் பஞ்சம் பற்றிய ஊர்க்கதைகள் தேவை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகித் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். வெறும் பட்டினியைவிட டைஃபஸ் போன்ற நோய்கள் கொண்டுபோனவர்களே அதிகம். இதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கிறது. நான் தேடுவது ஊர் மக்களின் வாய்மொழி.

1937-39இல் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. காய்ச்சல் கண்ட வீட்டுக்குள் போகப் பயந்து, நீளக் காம்பு மண்வாரியில் சாப்பாட்டை வைத்து ஜன்னல் வழியே நீட்டினார்களாம். அடிப்பலகை கதவுபோல் திறக்கும் ஒரே சவப்பெட்டியில் பிணங்களை அடுத்தடுத்துக் கொண்டுபோய்க் குழிக்குள் இறக்கினார்களாம். அதைப் படித்தபின் வெகுநேரம் வேறெதுவும் ஓடவில்லை.

கார்க், மேயோ, கால்வே பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது, அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் இப்படிக் கேட்ட கதை இருந்தால் சொல்லுங்கள். எந்த ஊர், யார் வழியாக வந்தது என்பதும் சேர்ந்தால் நல்லது. ஆள் பெயர் வேண்டாம். கார்க் பகுதியில் உள்ள ஸ்கிபரீன் ஊர்ப் பக்கம் போகிறவர்கள், பஞ்சத்தில் இறந்தவர்களைப் புதைத்த அபிஸ்ட்ரூரி இடுகாட்டின் கல்வெட்டுகளைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? ஐரிஷ் மொழிக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அவசியம் உள்பெட்டிக்கு வாருங்கள். அந்தத் தொகுப்பின் சில பக்கங்களைப் படிக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.