காந்த அல்டர்னேற்றர் பூட்டினால் பெற்றோலே தேவையில்லையாம்!

உப்புவெளியான்:
திருகோணமலை சீனன்குடாப் பக்கம் ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். ஓட்டோவில் நிரந்தரக் காந்த அல்டர்னேற்றர் (எஞ்சின் சுற்றச் சுற்றக் கரண்ட் உண்டாக்கும் கருவி) பூட்டினால் கரண்ட் சும்மா வருமாம். அதிலேயே மோட்டார் ஓடி, பற்றரியும் சார்ஜ் ஏறுமாம். கீழே ஆளாளுக்கு விலை கேட்கிறார்கள். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர் ஒருவர்கூட ஊரில் இல்லையா?

காந்தக்கை:
அந்த வீடியோ போட்டவர் நான்தான். வயிற்றெரிச்சல் தெரிகிறது. வீடியோவிலேயே காட்டினேன், கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது. பிறகு எஞ்சினுக்கு என்ன பாரம்?

உப்புவெளியான்:
வயரை எதிலும் கொடுக்காமல் சுற்றினால் லேசாகத்தான் சுற்றும். மூன்று வயர் நுனியையும் சேர்த்து முறுக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள், இறுகிய களிக்குள் அகப்பை விட்டது மாதிரி இருக்கும். ஓடுகிற கரண்டே சுழற்சியை எதிர்த்து இழுக்கும். லென்ஸ் என்ற பௌதிக அறிஞர் 1834இல் சொன்ன விதி. 14 வோல்ட்டில் 50 அம்பியர் எடுத்தால் 700 வாட்ஸ். அல்டர்னேற்றரின் திறன் 60 வீதம் என்று வைத்தாலும் எஞ்சின் கொடுக்க வேண்டியது கிட்டத்தட்ட 1,170 வாட்ஸ், ஒன்றரைக் குதிரை வலு. அதைப் பற்றரிக்கு ஏற்றி, திரும்ப மோட்டாருக்குக் கொடுத்தால் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சூடாகப் போகும். மிஞ்சுவது எங்கே?

காந்தக்கை:
1834இல் லென்ஸ் ஓட்டோ ஓட்டினாரா? நான் கேட்பது ஒன்றுதான். கையால் லேசாகச் சுற்றுகிறதா இல்லையா?

கடற்கரைக் காகம்:
சாதாரண அல்டர்னேற்றரில் உள்ளே காந்தம் உண்டாக்கவே கரண்ட் கொடுக்க வேண்டும். அது மிச்சம்தானே அண்ணன்?

உப்புவெளியான்:
மிச்சம்தான் தம்பி. மூன்று நாலு அம்பியர், ஐம்பது வாட்ஸ் சொச்சம். ஒரு ஹெட்லைட் எரியும், ஓட்டோ கோணேசர் கோயில் ஏற்றம் ஏறாது. அந்தக் கரண்டைக் கூட்டிக் குறைத்துத்தான் வோல்ட்டை அடக்குவது. நிரந்தரக் காந்தத்தை அப்படிக் குறைக்க வழியில்லை. அதனால்தான் பல மோட்டார் சைக்கிள்களில் வோல்ட்டை அடக்கும் ரெகுலேற்றர் மிஞ்சிய கரண்டை ஷோர்ட் பண்ணிவிடுகிறது, தொட்டால் சுடும். இன்னொன்று, பெற்றோல் ஓட்டோக்களில் கரண்ட் உண்டாக்க ஏற்கெனவே இருக்கும் மக்னெற்றோவும் நிரந்தரக் காந்தம்தான். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டோடு வரிசையில் கிடந்த ஓட்டோவுக்குள்ளும் அதுதான் இருந்தது. ஏன் சும்மா ஓடவில்லை?

கிண்ணியாப் பாலம்:
99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற ஊரில் வரிசையில் நின்றோமே, அதைப் பேசுங்கள்.

கடற்கரைக் காகம்:
99 என்று யார் சொன்னது? 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டு எரிந்ததையும் எண்ண வேண்டும்.

கிண்ணியாப் பாலம்:
எரிந்து போனதில் நீ எண்ணெய் ஊற்றுவாயா?

காந்தக்கை:
தாங்கியை விடுங்கள். இவர் வாயால்தான் கணக்குப் பார்ப்பார். என்னிடம் இரவல் வாங்கிய மல்டிமீற்றரை இன்னும் தரவில்லை. தந்தால் நானே அளந்து காட்டுவேன்.

உப்புவெளியான்:
அது தரும்போதே பியூஸ் போயிருந்தது. வயரை முறுக்கினீர்களா, இல்லையா?

காந்தக்கை:
நான் ஏன் முறுக்க வேண்டும்? லேசாகச் சுற்றுகிறது. அவ்வளவுதான்.

உப்புவெளியான்:
முறுக்கினால் வீடியோ முடிந்துவிடும், அந்தப் பயம். மூன்று வயர். முறுக்குங்கள்.

கிண்ணியாப் பாலம்:
பியூஸ் போன மீற்றரைத் திருப்பிக் கொடுக்க என்ன தயக்கம், உப்புவெளியான்?