கொரிய மொழியைத் தனியாகப் படிக்க: தமிழ் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

கேள்வி (புதுவரவு)

வணக்கம். ஆசிரியர் இல்லாமல் கொரிய மொழி படிக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. தினமும் 45 நிமிடம் ஒதுக்க முடியும். ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு போட்டிருக்கும் செயலியில் படிக்கிறேன். 150 சொற்கள் வரை தெரியும். ஆனால் கொரியர்கள் பேசும்போது அந்தச் சொற்களே காதில் சிக்குவதில்லை. ஓராண்டில் கொரிய மொழித் திறனைச் சோதிக்கும் டோபிக் தேர்வில் 2-ஆம் நிலை எடுக்க வேண்டும். எந்த வரிசையில் படிக்கலாம்? தமிழுக்கும் கொரியத்துக்கும் நிறைய ஒற்றுமை என்கிறார்களே, அது படிப்புக்கு உதவுமா?

பதில் 1 (எழுத்தாணி)

முதல் வேலையாக அந்த ஆங்கில எழுத்தை விட்டுவிடுங்கள். சொற்கள் காதில் சிக்காததற்குப் பாதிக் காரணம் அதுதான். நாம் "சியோல்" என்று படிக்கும் தலைநகரின் பெயர் கொரியத்தில் "சொ-உல்" என்று இரண்டே அசை.

கொரிய எழுத்தான ஹங்குலுக்கு ஒரு வாரம் போதும். அடிப்படை எழுத்து 24: மெய் 14, உயிர் 10. இரட்டை மெய் 5, கூட்டுயிர் 11 சேர்த்தால் 40. அரசர் சேஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட எழுத்து இது. மெய்யெழுத்தின் வடிவமே வாயின் படம். "கியொக்" என்பது அடிநாக்கு எழும்பித் தொண்டையை அடைக்கும் நிலை, "நியுன்" நுனிநாக்கு மேலே தொடும் நிலை, "மியும்" மூடிய வாய். கியொக்கின் நடுவே ஒரு கோடு சேர்த்தால் மூச்சோடு வரும் ககரம். இந்தக் காரணத்தோடு எழுதிப் பழகினால் மறக்காது. கணினியிலும் கைபேசியிலும் கொரிய விசைப்பலகையை அன்றைக்கே நிறுவிவிடுங்கள்; மெய்கள் இடப்பக்கம், உயிர்கள் வலப்பக்கம்.

இனி ஒலி. இங்கே அடையாளத்துக்காக மட்டும் தமிழில் எழுதுகிறேன், உங்கள் ஏட்டில் இப்படி எழுதாதீர்கள். "ஓ" என்பது உதடு குவிந்த ஒலி, "ஒ" என்று நான் எழுதுவது உதட்டைக் குவிக்காமல் சொல்வது. ஆங்கில வழியில் படிப்பவர்கள் திணறும் இன்னொரு உயிரொலி நமக்கு இலவசம்: "காசு", "பாட்டு" என்று இயல்பாகப் பேசும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம்தான் அது.

மெய்யிலும் நமக்கு நல்ல தொடக்கம் உண்டு. "காகம்" என்பதில் முதல் ககரம் வல்லென்றும் இரண்டாவது மெல்லென்றும் ஒலிக்கிறது, எழுத்து ஒன்றுதான். இறைச்சியைக் குறிக்கும் "கோகி"யிலும் அதே கதை. ஆனால் கொரியம் அதோடு நிற்பதில்லை. நிலா, முகமூடி, மகள் மூன்றையும் தமிழில் எழுதினால் "தால்"தான். அங்கே மூன்றும் வேறு எழுத்து, வேறு ஒலி. முகமூடிக்கு மூச்சு பலமாக வெளியேற வேண்டும்: வாய்க்கு முன் ஒரு தாள்துண்டைப் பிடித்தால் அது நன்றாக ஆட வேண்டும். மகளுக்குத் தாள் அசையவே கூடாது. "அத்தா" என்பதில் வரும் "த்த"வின் இறுக்கம் சொல்லின் முதலிலேயே வேண்டும், அதனால் "அ"வை மனதுக்குள் சொல்லிவிட்டு மீதியை வெளியே விடுங்கள். நிலாவுக்குச் சுருதி தாழ்வாகத் தொடங்கும். இன்றைய சொ-உல் பேச்சில், குறிப்பாக இளையவர்களிடம், நிலாவையும் முகமூடியையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தச் சுருதிதான். மூச்சை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் காது ஏமாறும்.

தமிழர் எல்லோரும் செய்யும் ஒரு தவறு அசையின் ஈற்று மெய்யில், அதாவது "பாத்சிம்"மில். எழுத்தில் எதுவாக இருந்தாலும் அங்கே ஒலிப்பவை க், ன், த், ல், ம், ப், ங் ஏழுதான். சோற்றுக்கு "பாப்". நம் வாய் அதைப் "பாப்பு" ஆக்கிவிடும். ஓரசை ஈரசை ஆனதும் கேட்பவருக்கு வேறு சொல்லாகத் தெரியும். உதட்டை மூடிய இடத்திலேயே நிறுத்துங்கள், திறக்காதீர்கள்.

பதில் 2 (கரையோரம்)

எழுத்தாணி சொன்னதோட தொடர்ச்சி. சொல் காதில் சிக்காததற்கு மீதிப் பாதிக் காரணம் புணர்ச்சி. "ஹப்னிதா"ன்னு எழுதி "ஹம்னிதா"ன்னு சொல்வாங்க. "குக்", "முல்" சேர்ந்தா "குங்முல்". பழைய சில்லா அரசோட பேரை எழுத்துப்படி படிச்சா "சின்-ரா". கல்+மலை கன்மலை ஆகிற நமக்கு இதெல்லாம் அந்நியமில்லை. ஒரே வித்தியாசம்: நாம மாறின ஒலியை எழுத்திலும் காட்டுவோம், அவங்க பகுதியை அப்படியே எழுதிட்டு வாயில மட்டும் மாத்துவாங்க. அதனால ஒவ்வொரு புதுச் சொல்லையும் ஒலியோட கேட்டுத்தான் சேர்க்கணும்.

ஒற்றுமை பற்றிக் கேட்டீங்க. கொரியாவில வாழ்ந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905-லேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். மொழியியலாளர்கள் இன்னைக்கு இரண்டையும் ஒரே குடும்பமா ஏத்துக்கிறதில்லை. "அப்பா" ஒன்னா இருக்குங்கிறதை வைச்சு ஒரு வரியும் பேச முடியாது, சொற்பட்டியலை விடுங்க. புதையல் இருக்கிறது வாக்கிய அமைப்பில.

"நேகா ஒஜே மொகுன் பாப்": நான் நேற்று சாப்பிட்ட சோறு. சொல்லுக்குச் சொல் அதே வரிசை, பெயரெச்சம் உட்பட. "மொகொ ப்வாயோ"ன்னா சாப்பிட்டுப் பாருங்க. அங்கேயும் துணைவினை "பார்"தான். "மொகொ பொர்யொஸ்ஸொயோ"ன்னா சாப்பிட்டுட்டேன், அதில துணைவினை "எறி". "வருவேன் என்று சொன்னான்"ல வர்ற "என்று"க்கும் அங்கே நேர் உருபு உண்டு. ஆங்கிலப் பாடநூல் இரண்டு பக்கம் விளக்குற இடத்தில, அதுக்குத் தமிழ்ல என்னன்னு ஓரத்தில ஒரு வரி எழுதுங்க. பாதி இலக்கணம் அப்படியே முடிஞ்சிடும்.

ஆனா தமிழ் காலை வாருற இடங்களும் உண்டு:

நமக்கு "வீட்டில்" ஒன்னுதான். அங்கே இருப்பைச் சொன்னா "ஜிபே", அங்கே ஒரு செயல் நடந்தா "ஜிபேசொ". "வீட்டில் இருக்கேன்"னுக்கு முதலாவது, "வீட்டில் சாப்பிடறேன்"னுக்கு இரண்டாவது.

பேச்சுத்தமிழ்ல "அல்ல" போய் எல்லாமே "இல்லை" ஆயிடுச்சு. கொரியத்தில இரண்டும் உயிரோட இருக்கு. "பணம் இல்லை"ன்னுக்கு "ஒப்சொயோ", "நான் மாணவன் அல்ல"ன்னுக்கு "அனியேயோ". மாத்திச் சொன்னா "மாணவன் யாரும் இல்லை"ன்னு அர்த்தமாயிடும்.

மிக முக்கியமானது: "நீங்கள்"னு தேடினா அகராதி "தாங்சின்"னு காட்டும். அறிமுகமில்லாதவங்ககிட்ட அதைச் சொல்லாதீங்க. கணவன் மனைவி பேச்சிலயும் சண்டையிலயும் வர்ற சொல் அது. பேரோட "ஸ்ஸி" சேருங்க, ஆசிரியர்னா "சொன்சேங்னிம்", இல்லாட்டி எழுவாயையே விட்டுடுங்க.

புதுவரவு

இருவருக்கும் மிக்க நன்றி. "ஜிபே, ஜிபேசொ" வேறுபாடு இப்போதுதான் புரிகிறது. 45 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? எண்களில் இரண்டு வரிசை இருப்பதும் குழப்புகிறது.

பதில் 3 (அடைவு)

15 நிமிடம் சொல் அட்டைகளைத் திரும்பப் பார்க்க, 20 நிமிடம் பாடம், 10 நிமிடம் ஒரே 30 நொடி ஒலித்துண்டை அதன் வேகத்திலேயே கூடவே சொல்லிப் பழக. கொரிய மொழி கற்பிக்கும் சேஜோங் ஹக்தாங் நிறுவனத்தின் இணையப் பாடங்கள் இலவசம், தொடக்கத்துக்கு அவையே போதும்.

அட்டைக்கு ஆங்கி என்ற செயலி நல்லது. புதிய அட்டை நாளுக்கு 8 போதும். 20 என்று ஆர்வத்தில் வைத்தால் இரண்டு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியவை நூற்றைத் தாண்டும், பாடத்துக்கு நேரமே இருக்காது. 2-ஆம் நிலைக்கு 1,500 முதல் 2,000 சொற்கள் வேண்டும். நாளுக்கு 8 என்றால் எட்டு மாதத்தில் கிடைத்துவிடும். வினைச்சொல்லை அகராதி வடிவில் மட்டும் எழுதாதீர்கள். "கேள்" என்பதற்கு "துத்தா", ஆனால் பேசும்போது "துரொயோ". "குளிர்" என்பதற்கு "சுப்தா", "சுவொயோ". இரண்டு வடிவமும் ஒரே அட்டையில் இருக்கட்டும்.

டோபிக் காகிதத் தேர்வில் 1, 2-ஆம் நிலைகளுக்கான முதல் தாள் 100 நிமிடம்: கேட்டல் 30 கேள்வி, வாசிப்பு 40, மொத்தம் 200 மதிப்பெண். 80 எடுத்தால் 1-ஆம் நிலை, 140 எடுத்தால் 2-ஆம் நிலை. எழுத்துத் தேர்வு இதில் கிடையாது. சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். பழைய வினாத்தாள்கள் தேர்வின் தளத்திலேயே கிடைக்கும். எட்டாம் மாதத்துக்கு முன் அவற்றைத் தொட வேண்டாம்.

எண்: கொரியத்தின் சொந்த எண்கள் நாட்டு வரிசை, சீனத்திலிருந்து வந்தவை சீன வரிசை. மணிக்கு நாட்டு வரிசை, நிமிடத்துக்குச் சீன வரிசை. மூன்றரை மணி "சே ஷி சாம்ஷிப் புன்". "சே" நாட்டு மூன்று, "சாம்ஷிப்" சீன முப்பது. வயதுக்கு "சால்" சேர்த்தால் நாட்டு வரிசை, பணத்துக்குச் சீன வரிசை. பெரிய எண்ணுக்கு அடிப்படை "மான்", அதாவது 10,000. லட்சம் "ஷிம்மான்", பத்து லட்சம் "பேங்மான்", கோடி "சொன்மான்". மில்லியன் வழியாகப் போகாதீர்கள், லட்சத்திலிருந்து நேராக மாற்றுவது எளிது.

புதுவரவு

"நான் வீட்டில் புத்தகம் படிக்கிறேன்": "நானுன் ஜிபே சேகுல் இல்கொயோ." சரியா?

பதில் 2 (கரையோரம்)

இரண்டு இடம். படிக்கிறது செயல், அதனால "ஜிபேசொ". கடைசியில "யோ" போட்டு மரியாதையாப் பேசும்போது "நான்" பணிவா "ஜொ" ஆகணும்: "ஜொனுன் ஜிபேசொ சேகுல் இல்கொயோ." புத்தகம் தனியா நின்னா "சேக்", "ஐ" உருபு சேர்ந்ததும் அந்தக் ககரம் அடுத்த உயிரில ஏறி மெல்லென்று ஒலிக்குது. அதைச் சரியா எழுதியிருக்கீங்க. இதே வாக்கியத்தை ஹங்குல்ல தட்டச்சு பண்ணி இங்கே போடுங்க, பார்க்கிறோம்.