ஹாலோவீன் டிரெஸ் வீட்லயே கம்மி செலவுல எப்படி பண்றது?

காட்பாடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் ரெண்டாவது படிக்கிறான், அக்டோபர் 31 ஹாலோவீன், எல்லா பசங்களும் வேஷம் போட்டுனு வரணும்னு ஸ்கூல் குரூப்ல மெசேஜ் வந்திருக்கு. வாடகைக் கடையில கேட்டா ஒரு நாளைக்கே 600 ரூபா, அட்வான்ஸ் தனி, துணியும் தோச்ச மாதிரியே இல்ல. பக்கத்து வீட்டு பசங்க ரெண்டு பேரும் இவன்கூடதான் போவாங்க, அவங்க வீட்ல இப்ப அவ்ளோ செலவு பண்ற நிலைமை இல்ல, அதனால மூணு பேருக்கும் நானே தச்சிடலாம்னு இருக்கேன். மெஷின் இருக்கு, நேர் தையல் வரும். பெட்ஷீட் போத்திக்கிற பேய் வேணாம், கால் தடுக்கும், கண்ணும் தெரியாது. வேற ஐடியா சொல்லுங்களேன். இவனுக்கு வவ்வால்னா உயிர்.

குடியாத்தம் டெய்லர்:
வவ்வாலுக்கு உடைஞ்ச கருப்புக் குடை ஒண்ணு போதும் மேடம். கம்பியெல்லாம் கழட்டிடுங்க, கண்ணுல குத்திடும். துணிய சரிபாதியா வெட்டினா பக்கத்துக்கு நாலு பட்டை வரும், ஓரத்துல அந்த வளைவு ஏற்கெனவே இருக்கும், அதுவே றெக்கை. பழைய கருப்பு முழுக்கை டீ-ஷர்ட் கையோட அடிப்பக்கம், மணிக்கட்டுல இருந்து இடுப்பு வரைக்கும் வச்சு நேர் தையல் போடுங்க. கையத் தூக்கினா றெக்கை விரியும். காதுக்கு ஹேர்பேண்ட்ல கருப்பு சார்ட் ஒட்டினா முடிஞ்சது. குடைத்துணிங்கறதால மழை வந்தாலும் ஒண்ணும் ஆகாது. அட்டை, தெர்மாகோல் பக்கமே போகாதீங்க, ஐப்பசி மழையில ஊறிப்போயிடும்.

சத்துவாச்சாரி அக்கா:
இன்னொரு பையனுக்கு மம்மி வேஷம் போடுங்கம்மா, அதான் எகிப்துல துணி சுத்தி வச்சிருப்பாங்களே, அந்தப் பொணம். அப்பாவோட கிழிஞ்ச வேட்டி இருந்தா போதும், ஆனா முழு காட்டனா பாருங்க, பாலியஸ்டர் கலந்ததுல சாயம் சரியா புடிக்காது. டீத்தூள கொதிக்க வச்சு வடிகட்டி அதுல கொஞ்ச நேரம் ஊற வச்சா பழைய துணி மாதிரி பழுப்பா வரும். அப்புறம் மூணு விரல் அகலத்துக்கு கையாலயே கிழிங்க, நூல் பிரிஞ்சு தொங்கறதுதான் அழகு. உடம்புல சுத்தவே கூடாது, பழைய பைஜாமா சட்டை மேல தனித்தனியா தச்சிடுங்க, இல்லாட்டி குழந்தை பாத்ரூம் போகணும்னா மொத்தத்தையும் அவுக்கணும். கழுத்துல எதுவும் கட்டாதீங்க. மெழுகுவத்தி பக்கம் விடாதீங்க, 2024ல தீபாவளியே 31ஆம் தேதிதான் வந்துச்சு, தொங்கற துணியோட மத்தாப்பு கொளுத்தினா என்ன ஆகும் யோசிங்க.

விருதம்பட்டுக்காரன்:
ஒரு விஷயம் சொல்லணும். வெளிநாட்டு பண்டிகை நமக்கு எதுக்குன்னு யாராச்சும் கேட்டா மனசு சங்கடப்படாதீங்க. அயர்லாந்து பக்கம் சம்ஹைன்னு அறுவடை முடியற நேரத்துல கொண்டாடினதுதான் இப்படி மாறிச்சுன்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல மகாசிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளைக்கு பாலாத்தங்கரையில போய் நின்னு பாருங்க, முகம் பூரா நீலமும் செவப்புமா காளி வேஷம் கட்டினு எத்தன பேர் வர்றாங்க! அது நேர்த்திக்கடன், இது விளையாட்டு, ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா வேஷம் கட்டறதுன்னா நம்ம பசங்களுக்கு புதுசும் இல்ல. மூணாவது பையனுக்கு கொல்லை பொம்மை போடுங்க. அரிசி மண்டியில சணல் சாக்கு கேட்டா குடுப்பாங்க, உள்ள பனியன் போட்டுத்தான் மாட்டணும், சணல் அரிக்கும். கைகிட்ட வைக்கோல் சொருகினா குத்தும், அதுக்கு பதிலா மக்காச்சோளத் தோல காய வச்சு தச்சுடுங்க.

காட்பாடி அம்மா:
ரொம்ப நன்றிங்க, குடை பரண்மேலயே இருக்கு! முகத்துக்கு என்ன போடறது? வாட்டர் கலர் போடலாமா?

சத்துவாச்சாரி அக்கா:
வாட்டர் கலர் வேணவே வேணாம்மா, அது பேப்பருக்கு. தேங்காண்ணெய் லேசா தடவி அதுமேல முகப்பவுடர், கண்ணச் சுத்தி வீட்டுக் கண்மை. மொத நாளே முழங்கையில கொஞ்சம் தடவிப் பாருங்க, செவக்கலன்னா போடலாம். மம்மி பையனோட துணிய மட்டும் சாயம் போட்டதும் தனியா அலசுங்க, வேற துணியோட போட்டா கறை ஏறிடும்.